மலைக்கு அந்தப் பக்கம் வந்த தத்துவ போதகர்

கல்வராயன் அடிவாரம் – 17

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பேருந்தில் ஏறினால் கச்சிராயபாளையம் வரைக்கும் சமவெளி. அதற்கப்புறம் கோமுகி அணை, காடு, வளைவுகள். போன மாதம் அந்தப் பேருந்தில் என் மடியில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. பழுப்பேறிய தாள்; திருப்பினால் ஓரம் பொடியாக உதிரும். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், கீழே கடுக்காய் போட்டுவிட்டு வெறுஞ்சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்தார்.

"சாமி பொஸ்தகமா?"

ஆமாம் என்றேன்.

"எந்த சாமி?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. "சாமின்னு ஒண்ணு உண்டா, இல்லையான்னு வாதம் பண்ற பொஸ்தகங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டி, "இதுல என்னா வாதம்? கரிராமன் இருக்கான். கோயிலும் இருக்கு" என்றார். பிறகு சாக்கைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

போன இதழில் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களையும், அவை 1976இல் அரசின் கைக்கு வந்த கதையையும் பார்த்தோம். இந்த இதழில் மலையைச் சுற்றி அந்தப் பக்கம், சேலம் சீமைக்குப் போகிறோம். என் மடியில் இருந்த புத்தகத்தின் பெயர் ஞானோபதேசம். எழுதியவர் ராபர்ட் தெ நொபிலி. தமிழ்நாடு அவருக்கு வைத்த பெயர் தத்துவ போதகர். என்னிடம் இருப்பது ச. இராசமாணிக்கம் என்ற சேசு சபைத் துறவி பதிப்பித்து, 1960களில் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் வெளியிட்ட மறுபதிப்பு. முதல் அச்சு அதற்கும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முந்தியது. 1670களில், கொச்சி ராஜ்ஜியத்து அம்பலக்காட்டில், மரத்தில் வெட்டிய தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சடித்தது. அந்தப் பதிப்பின் பிரதி கிடைப்பது குதிரைக் கொம்பு.

தமிழில் அச்சு என்றதும் நமக்கெல்லாம் தம்பிரான் வணக்கம் நினைவுக்கு வரும். 1578 அக்டோபர் 20, கொல்லம், பதினாறு பக்கம், ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள்கூடத் தூக்கத்தில் சொல்லுவார்கள். அடுத்த ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம். 1586இல் புனிதர்களின் வரலாறு சொல்லும் பெரிய புத்தகம் ஒன்று. இவை எல்லாம் யாருக்காக? முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக. அவர்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள். செபம் சொல்லத் தெரியவேண்டும், பாவசங்கீர்த்தனம் செய்யத் தெரியவேண்டும். புத்தகங்கள் அதைச் சொல்லிக்கொடுத்தன. 'கடவுள் இருக்கிறாரா?' என்று அந்தப் புத்தகங்களிடம் யாரும் கேட்கவில்லை. அவையும் அதற்குப் பதில் சொல்ல முற்படவில்லை.

ஞானோபதேசம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஐந்து காண்டம் கொண்ட பெரிய நூல். விவிலியத்தை ஒப்புக்கொள்ளாதவனிடம் விவிலியத்தைக் காட்டிப் பயனில்லை என்று அதை எழுதியவருக்குத் தெரியும். ஆகவே முதலில் அதை ஓரமாக வைத்துவிடுகிறார். கண்ணுக்குத் தெரிகிற உலகத்தையும் மனிதனுக்கு இருக்கிற புத்தியையும் மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறார். காரியம் இருந்தால் காரணம் இருக்கவேண்டும். காரணங்களை அடுக்கிக்கொண்டே போனால் எங்கோ ஓர் ஆதிகாரணத்தில் நின்றாகவேண்டும். அந்த ஆதிகாரணத்துக்கு இன்னின்ன இலக்கணங்கள் இருந்தே தீரும். இப்படிப் போகிறது நடை. ஐரோப்பாவில் இதை இயற்கை இறையியல் என்பார்கள். மறைநூல் சொல்வதால் நம்பு என்பது ஒரு வழி. இயற்கையைப் பார், யோசி, அதுவே உன்னைக் கொண்டுபோய் விடும் என்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில் எழுதிய நூல்களுக்குத்தான் அந்தப் பெயர்.

அந்தக் காலத்தில் கீழ்த்திசைக்கு வந்த பாதிரியார்களுக்கெல்லாம் இதே அவசியம் நேர்ந்தது. ஜப்பானின் அமகுசாவில் 1592இல் லூயிஸ் தெ கிரனாதா என்ற ஸ்பானியத் துறவியின் நூலைச் சுருக்கி ஜப்பானிய மொழியில் அச்சிட்டார்கள். எறும்பையும் தேனீயையும் மனித உடலையும் காட்டிப் படைத்தவனைப் பேசும் நூல் அது. மறு ஆண்டு மணிலாவில் ஹுவான் கோபோ என்ற தொமினிக்கர் எழுதிய சீன நூல் மரப்பலகையில் வெட்டி அச்சாயிற்று. கோபோ அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அந்நூலின் பிரதி மாட்ரிட் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1603இல் பீஜிங்கில் மத்தேயோ ரிச்சி, சீன அறிஞருக்கும் மேற்கத்திய அறிஞருக்கும் நடக்கும் உரையாடலாக எழுதிய தம் நூலை அச்சிட்டார். ஜப்பான், மணிலா, பீஜிங் என்ற அந்த வரிசையில் நம் பக்கத்துப் புத்தகம்தான் ஞானோபதேசம். மற்றவற்றைப் பற்றி அலமாரி அலமாரியாக ஆராய்ச்சி வந்துவிட்டது. நம்முடையதைத் தமிழ் எம்.ஏ. படித்தவர்களே கேள்விப்பட்டதோடு சரி.

இங்கே ஒரு சின்னச் சுற்று சுற்றிவிட்டு வருவோம்.

2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதற்கு முன் விழுப்புரம். அதற்கும் முன் பழைய தென்னார்க்காடு. கோடு எங்கே போட்டாலும் எங்களுக்குத் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ஊர்தான். திருக்கோவிலூர் போகிறவர்கள் ஒரு நடை அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட ஊர் என்று பெரியபுராணம் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த ஊரில் பொல்லாப் பிள்ளையார் சந்நிதியில், பதின்மூன்றாம் நூற்றாண்டில், மெய்கண்டார் சிவஞானபோதம் சொன்னார். பன்னிரண்டே சூத்திரங்கள். முதல் சூத்திரம் எதைப் பற்றியது? உலகத்தைப் பற்றியது. அவன், அவள், அது என்று சுட்டிக்காட்டக்கூடிய இந்த உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஆகவே இதற்கு ஒரு கர்த்தா உண்டு. வேதத்தையோ ஆகமத்தையோ அங்கே சாட்சிக்குக் கூப்பிடவில்லை. கண்ணால் பார்க்கிற உலகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்.

இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? இதுவும் இயற்கை இறையியல்தான். குடத்தைக் கண்டால் குயவன் உண்டு என்று தெரிவதுபோல என்ற உவமையை நம் சைவ ஆசிரியர்களும் நியாய சாத்திரக்காரர்களும் தேயத் தேயப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதை மறுத்துப் பௌத்தரும் சமணரும் பேசியிருக்கிறார்கள். அந்த மறுப்புக்கு மறுப்பாகத்தான் மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் பரபக்கம் என்றே ஒரு பாதியை ஒதுக்கினார். நொபிலி ரோமாபுரியில் தாமஸ் அக்வினாஸ் வழியில் படித்த காரணகாரிய வாதம், அவர் தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்னமே பெண்ணையாற்றங்கரையில் புழங்கிக்கொண்டிருந்த சரக்கு. 'ஐரோப்பியர் வந்து தர்க்கம் கற்றுக்கொடுத்தார்கள்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 'நம்மிடமிருந்து திருடினார்கள்' என்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒரே கேள்வியை இரண்டு ஊரில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஞானோபதேசம் புதிதாகச் செய்தது வேறு. சூத்திரமும் விருத்தமுமாக இருந்த வாதத்தை அது வெறும் உரைநடையில், வாயால் பேசுவதுபோல், நிறுத்தி நிறுத்திச் சொன்னது. அந்த வாத நடையை அச்சிலும் ஏற்றியது.

நொபிலி 1577இல் பிறந்தவர், பிரபு குடும்பம். 1605இல் கோவா, 1606இல் மதுரை. அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் பல ஆண்டு உழைத்தும் மதுரைக்காரர் ஒருவர்கூட மதம் மாறவில்லை. காரணம் ஒரே ஒரு சொல்: பறங்கி. மாட்டிறைச்சி தின்கிறவன், குடிப்பவன், குளிக்காதவன் என்ற அர்த்தமெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. மதம் மாற வருகிறவனிடம் 'பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா?' என்று கேட்கிற வழக்கம்கூட இருந்ததாம். யார் ஆம் என்பான்? இன்றைக்கு அந்தச் சொல்லின் விஷம் போய்விட்டது. பறங்கிக்காயிலும் பறங்கிமலையிலும், எங்களுக்குக் கிழக்கே கடலோரத்துப் பரங்கிப்பேட்டையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நொபிலி காவி உடுத்தினார். புலால் விட்டார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். நான் பறங்கி அல்லன் என்று ஓலையில் எழுதி வைத்தார். வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். இருபது நாள், நாளுக்கு நாலைந்து மணி நேரம் வாதம் நடந்தது. கடவுள் ஒருவரா பலரா, இல்லாமையிலிருந்து உலகத்தை எப்படிப் படைக்க முடியும், மறுபிறவி உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. ஞானோபதேசத்தின் கரு இந்த மாதிரித் திண்ணைப் பேச்சில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. புத்தகத்தைப் படிக்கும்போது எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து 'அதெப்படி சுவாமி?' என்று கேட்டுக்கொண்டே இருப்பது போலிருக்கும்.

அவருடைய முறைகளை எதிர்த்துத் திருச்சபைக்குள்ளேயே பெரிய வழக்கு நடந்தது. பூணூலும் குடுமியும் சந்தனமும் சாத்திரமா, சமூக வழக்கமா என்று கோவாவில் 1619இல் கூடிப் பேசினார்கள். கடைசியில் 1623 ஜனவரி 31இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். அந்த ஆண்டுதான் நொபிலி மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். திருச்சி வழியாகச் சேந்தமங்கலம். அங்கே ஆட்சியில் இருந்தவர் இராமச்சந்திர நாயக்கர். அப்புறம் சேலம்.

சேலத்தில் தங்க வீடு கிடைக்கவில்லை. சத்திரத்தில் கிடந்தார்; காய்ச்சல் வேறு. முன்பின் தெரியாத ஒரு சாமியாருக்கு யார் வீடு கொடுப்பார்கள்? மெல்ல மெல்ல ஆள் சேர்ந்தது. தம்பியிடம் ஆட்சியை இழந்து ஒதுங்கியிருந்த திருமங்கல நாயக்கர் அவரிடம் வந்து சேர்ந்தார். சேலத்துக்குப் பக்கத்து மோரமங்கலம் மதுரை மிஷனின் ஒரு முக்கியத் தளமாயிற்று. கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் வழியாகச் சேலத்துக்கு இன்று பேருந்தில் போகிறவர்கள் வலதுகைப் பக்கம் கல்வராயனைப் பார்த்துக்கொண்டே போகலாம். அந்த மலையின் மேற்கே இப்படி ஒருவர் நாயக்கர்களிடமும் பண்டாரங்களிடமும் ஆதிகாரணத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், மேலே மலையாளிப் பழங்குடியினர் காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி வந்த தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டு சாமையும் தினையும் விதைத்துக்கொண்டிருந்தார்கள்.

நொபிலி கடைசியில் பார்வை மங்கி மயிலாப்பூரில் ஒரு குடிசையில் இருந்தார். எழுத முடியவில்லை, சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். 1656 ஜனவரி 16இல் காலமானார். அவர் உயிரோடிருந்தவரை அவருடைய தமிழ் ஏட்டில்தான் இருந்தது.

அம்பலக்காடு சாலக்குடிக்கு அருகே. 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததும் சேசு சபையார் உள்நாட்டுக்கு நகர்ந்து அங்கே கல்லூரி நடத்தினார்கள். அங்கே இக்னேசியஸ் அய்ச்சாமணி என்ற உள்ளூர்க்காரர் தமிழ் எழுத்துகளை மரத்தில் வெட்டினார் என்று, நூறாண்டு கழித்து எழுதிய கார்மேல் சபைப் பாவுலினுஸ் பாதிரியார் சொல்கிறார். ஹென்றிக்கஸ் காலத்து ஈய எழுத்துகளைக் கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்தார்கள். அந்தத் தொழில் 1586க்குப் பிறகு ஓய்ந்துபோயிற்று. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு கழித்து ஒரு மனிதர் உளியை எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். நொபிலியின் நூலும், 1679இல் அந்தாவ் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியும் அந்த உளியில் வந்தவை. புரோயென்சாவும் 1666லேயே இறந்துவிட்டவர். ஆக, அம்பலக்காட்டு அச்சுக்கூடம் இறந்துபோனவர்களின் ஏடுகளுக்குக் காகித உயிர் கொடுத்த இடம். அந்த அகராதிக்கு ரோமில் வத்திக்கான் நூலகத்தில் ஒரே ஒரு பிரதி தப்பியது. தனிநாயகம் அடிகள் அதைக் கண்டெடுத்து 1966இல் மலேசியாவிலிருந்து மறுபதிப்புக் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்து எழுத்தை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தால்தான் அருமை தெரியும். பெரும்பாலும் புள்ளி கிடையாது. 'பல' என்று இருந்தால் பல்லா, பலவா என்று வாசிக்கிறவர் முடிவு செய்யவேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்ற வித்தியாசம் கிடையாது. 'பெறு' என்று இருப்பது பெறுவாகவும் இருக்கலாம், பேறாகவும் இருக்கலாம். கொடுவும் கோடும் ஒன்றே. நெடிலுக்குப் போடும் காலும் 'ர'வும் ஏறத்தாழ ஒரே கோடு. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் வந்த பழக்கம் அப்படியே காகிதத்துக்கும் வந்துவிட்டது. செபத்தை இப்படி அச்சிட்டால் பிழையில்லை. மனப்பாடமாகத் தெரிந்ததைத்தானே வாசிக்கப்போகிறோம்? வாதத்தை இப்படி அச்சிட்டால்? 'ஆகையால்', 'ஆனபடியினாலே' என்று கிளை கிளையாக நீளும் ஒரு தர்க்க வாக்கியத்தைப் புள்ளியில்லாமல், நிறுத்தக்குறியில்லாமல் வாசித்துப் பாருங்கள். இந்தப் புத்தகத்தைப் படித்துக்காட்ட ஓர் உபதேசியார் தேவைப்பட்டிருப்பார் என்பதில் சந்தேகமே இல்லை. கொம்பையும் சுழியையும் ஒழுங்குபடுத்தும் வேலையை அடுத்த நூற்றாண்டில் வீரமாமுனிவர் கையில் எடுத்ததன் அவசரம் இங்கேதான் புரிகிறது. அவருடைய கடைசி நாட்களும் அம்பலக்காட்டில்தான் கழிந்தன. 1747இல் அங்கே இறந்தார்.

நடையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நொபிலியைத் தமிழ் உரைநடையின் தந்தை என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். ஹென்றிக்கஸ் முந்தியவர், நம் உரையாசிரியர்கள் அவருக்கும் முந்தியவர்கள். நொபிலியின் நடை சமஸ்கிருதம் கொழுத்த நடை. பத்துப் பக்கம் சேர்ந்தாற்போல் படித்தால் மூச்சு வாங்கும். ஆனால் வாதத்தை உரைநடையில் இழுத்துக் கட்டி, ஆட்சேபத்தை எழுப்பி, பதில் சொல்லி, அடுத்த படிக்குப் போகிற அந்த முறை அச்சில் அவருடையதுதான் முதல். பின்னால் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கிறிஸ்தவர்களை மறுத்து எழுதியபோது கையாண்டதும் உரைநடை வாதம்தான். ஆயுதம் கைமாறியிருக்கிறது.

அவருடைய சொற்கள் கதையே தனி. ஹென்றிக்கஸ் பல போர்ச்சுகீசிய, இலத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்தார். நொபிலி கோயில், பூசை, குரு, வேதம், ஆத்துமா, மோட்சம் என்று மாற்றினார். கடவுளுக்குத் தம்பிரான் போய்ச் சருவேசுரன் வந்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூத்தரன். கத்தோலிக்கருக்குப் பரம எதிரி. ஆனால் 1708இல் அவர் தொகுத்த தமிழ் நூல் பட்டியலில் கத்தோலிக்க நூல்களும் இருக்கின்றன. அவர் எழுத்திலும் கடவுள் சருவேசுரன்தான். பகைவனின் அகராதி இல்லாமல் அவருக்கு வாய் திறக்க முடியவில்லை. பராபரன், தேவன், கடவுள் எல்லாம் அதற்கப்புறம் வந்த சண்டைகள்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். உளுந்தூர்பேட்டை வட்டத்து எறையூர் இந்த மாவட்டத்தின் பெரிய கத்தோலிக்க ஊர்களில் ஒன்று. செபமாலை அன்னை கோயில். அந்தப் பக்கத்துப் பாட்டிமார்கள் இன்றும் திருப்பலி என்று சொல்லமாட்டார்கள். பூசைக்குப் போறேன் என்றுதான் சொல்வார்கள். ஏசுவைச் சேசு என்பார்கள். சின்ன வயசில் குறிப்பிடம் என்ற உபதேசப் புத்தகம் படித்தீங்களா ஆத்தா என்று கேட்டுப் பாருங்கள். சருவேசுரனுக்கு ஆறு இலட்சணம் என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள்: தாமாகவே இருப்பது, முதலும் முடிவும் இல்லாதிருப்பது, உடம்பில்லாதிருப்பது, எல்லா நன்மையும் நிறைந்திருப்பது, எங்கும் இருப்பது, எல்லாவற்றுக்கும் ஆதிகாரணமாக இருப்பது. இந்த ஆறில் சிலுவையும் இல்லை, சேசுவும் இல்லை. ஞானோபதேசத்து முதல் காண்டத்தின் வாதம் முழுவதும் ஆறு விரல் மடக்கலாகச் சுருங்கி, கம்பு குத்தும் பெண்களின் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதே மாவட்டத்துச் சிவன் கோயில் ஓதுவாரிடம் இறைவனின் எண்குணம் கேட்டால் அவரும் விரல் மடக்குவார்; தன்வயத்தனாதல் என்றுதான் முதல் விரல். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே எவ்வளவு பொதுநிலம் என்று இறையியல் படித்தவர்கள் யாராவது நிதானமாக எழுதவேண்டும்.

எறையூரைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நொபிலியின் வழி சாதியைச் சமூக வழக்கம் என்று ஒதுக்கி வைத்த வழி. உயர்சாதியாரிடம் போகிற துறவி தாழ்த்தப்பட்டவர் குடியிருப்புக்குப் போகமாட்டார். அதற்கென்று 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்று தனிப் பிரிவே ஏற்பட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே ஆதிகாரணம் என்று புத்தகத்தில் நிறுவிவிட்டு, கோயிலில் தனித்தனி இடம் போட்டார்கள். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டபோது மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். நானூறு ஆண்டுக்கு முந்திய ஒரு மனிதர் மேல் அந்தப் பழி முழுவதையும் போடமுடியாது. ஆனால் தர்க்கத்தில் அவ்வளவு கறாராக இருந்தவர் இந்த ஓர் இடத்தில் ஆட்சேபத்தை எழுப்பாமலே தாண்டிப் போனார் என்பது என் தீர்ப்பு.

மெய்கண்டார் பக்கத்துக்கும் ஒரு வாசகர் கடலுக்கு அப்பாலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1854இல் அமெரிக்கக் கீழ்த்திசைச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். திருவெண்ணெய்நல்லூரின் வாதம் அப்படி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ரோமின் வாதம் அதற்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுக்கு முன்பே மர எழுத்தில் தமிழாகிவிட்டது.

வெள்ளிமலையில் இறங்கும்போது பெரியவர் விழித்துக்கொண்டார். என் மடியிலிருந்து ஒரு காகிதத் துணுக்கு அவர் சாக்கின் மேல் உதிர்ந்திருந்தது. எடுத்துக் கொடுத்தார். "பாத்து வெச்சுக்குங்க, ஒடையுது" என்றார்.

எறையூர், கோணான்குப்பம், முகாசாபரூர் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் உபதேசியார் தாத்தாவின் ஓலைக்கட்டோ, அட்டை போன செபப் புத்தகமோ, ஞானோபதேசம் என்று முதல் பக்கத்தில் போட்ட எதுவோ கிடந்தால், ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடாதீர்கள். பழைய பேப்பர்காரரிடமும் போடாதீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஓலைக்கு எண்ணெய் போடுகிறேன் என்று நீங்களாகவே எதையும் தடவ வேண்டாம்.

அடுத்த இதழில் கோணான்குப்பம்: முகாசாபரூர்க் கச்சிராயரும் வீரமாமுனிவரும்.

(தொடரும்)